படைமுகாமில் மேசைக் கணினி

அமெரிக்க விமானப்படைக்குள் தனியாள் கணினி நுழைந்த வழி அந்தப் படையின் எந்தத் திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும், களஞ்சியக் கணக்கு எழுதும் சார்ஜன்ட்களும் பறப்பு அட்டவணை போடும் இளம் அதிகாரிகளும் தத்தம் அலுவலகத்தின் சிறு கொள்வனவுப் பணத்தில் ஓர் ஆப்பிளையோ, ரேடியோ ஷாக் கடையின் டி.ஆர்.எஸ்.-80 இயந்திரத்தையோ வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள். சிலர் வீட்டில் இருந்ததையே தூக்கி வந்தார்கள். கட்டளை மேலிருந்து கீழே இறங்குவதே வழக்கமான ஓர் அமைப்பில், இந்தப் பொருள் கீழிருந்து மேலே ஏறியது. எத்தனை இயந்திரங்கள், எந்த வகை, எந்த அறையில் என்று மேலிடம் கேட்கத் தொடங்கியபோது பதில் சொல்ல ஒரு பதிவேடு இருக்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகள் அந்தப் பதிவேட்டை எழுதி முடிக்கும் முயற்சியில் கழிந்தன.

படைக்குக் கணினி புதிய பொருள் அல்ல. சோவியத் குண்டுவீச்சு விமானங்களைக் கண்காணிக்கக் கட்டப்பட்ட சேஜ் வான்காப்பு வலையமைப்பின் முதல் நிலையம் 1958 ஜூலையில் நியூ ஜேர்சி மாநிலத்தின் மக்குவயர் தளத்தில் இயங்கத் தொடங்கியது. அதற்கென ஐ.பி.எம். செய்த இயந்திரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 250 தொன் நிறை. உள்ளே ஐம்பதாயிரம் அளவில் வெற்றிடக் குழாய்கள். நாளாந்த நிருவாகத்துக்கு விமானத் தளங்களில் களஞ்சியத்துக்கு யுனிவக் 1050, ஆளணிக்கும் கணக்குக்கும் பரோஸ் 3500 என்று தனித்தனி இயந்திரங்கள் இருந்தன. அவை குளிரூட்டிய அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், தரவுப் பிரிவின் பொறுப்பில் இருந்தன. ஒரு புதிய அறிக்கை வேண்டுமென்றால் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். 1983இல் இந்தப் பழைய இயந்திரங்களை மாற்றும் பெரிய ஒப்பந்தம் ஸ்பெரி கம்பனிக்குக் கிடைத்தது. அதே ஆண்டில்தான் மேசைக் கணினிக்கும் முதல் பெரிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஒரே படை ஒரே ஆண்டில் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் பணம் செலவழித்தது.

காத்திருப்புக்குச் சட்டமும் ஒரு காரணம். டெக்சாஸ் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் ஜாக் புரூக்ஸ் முன்னின்று நிறைவேற்றிய 1965ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசின் கணினிக் கொள்வனவு முழுவதையும் பொதுச் சேவைகள் நிருவாகம் என்ற ஒரே நிறுவனத்தின் கண்காணிப்புக்குக் கீழ் கொண்டுவந்தது. ஒரு கணினி பல இலட்சம் டொலர் விற்ற காலத்தில் அது நியாயமான ஏற்பாடு. போட்டி விலை கோராமல் ஒரே கம்பனியிடம் வாங்கிக் குவிக்கும் பழக்கத்தை அது உடைத்தது. 1981இல் வேர்ஜீனியா செனட்டர் ஜோன் வோர்னர் கொண்டுவந்த திருத்தம் ஆயுதங்கள், உளவு, கட்டளைத் தொடர்பாடல் ஆகியவற்றுக்கான கணினிகளுக்கு விலக்குக் கொடுத்தது. சம்பளப் பட்டியல் போன்ற நிருவாக வேலைகளுக்கு விலக்கு இல்லை. இதன்படி போர்விமானத்துக்குள் போகும் கணினியை வாங்குவது, அந்த விமானத்தைத் திருத்துபவர்களின் விடுமுறைப் பட்டியலை அச்சிடும் கணினியை வாங்குவதைவிடச் சுலபமாயிற்று.

1981 ஓகஸ்ட் 12இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை 1,565 டொலர் தொடக்க விலையில் அறிவித்தபோது இந்த வேலி முழுவதும் பொருளற்றுப் போனது. பெரிய கொள்வனவுக்கு எழுதிய விதிகள் சிறு தொகையைப் பிடிக்கவில்லை. இயந்திரத்தை ஒரு சிட்டையிலும், அச்சுப்பொறியை இன்னொரு சிட்டையிலும், மென்பொருளை மூன்றாவது சிட்டையிலும் வாங்கலாம். அமெரிக்க அரசின் நிதியாண்டு செப்டெம்பர் 30இல் முடிவதால், அந்த மாதத்தில் மீதிப் பணம் கணினியாக மாறியது. ஆண்டிறுதியில் திரும்பிப் போகவிருக்கும் ஒதுக்கீட்டைப் பொருளாக மாற்றும் கலை உலகத்தின் எல்லாக் கச்சேரிகளுக்கும் தெரிந்ததுதான்.

வாங்கியவர்களை அடங்காப் பிடாரிகள் என்று எழுதுவது எளிது, ஆனால் சரியல்ல. 1979இல் வந்த விசிகல்க் என்ற அட்டவணை மென்பொருள், ஒரு தளத்தின் எரிபொருள் செலவை ஓர் இலக்கம் மாறியதும் முழுவதுமாகத் திரும்பக் கணக்கிட்டுக் காட்டியது. வேர்ட்ஸ்டார் இருந்தால் ஒரு கடிதத்தை நாலு தரம் தட்டெழுத வேண்டியதில்லை. டிபேஸ் இருந்தால் எந்த வாகனம் எப்போது பழுதுபார்ப்புக்குப் போக வேண்டும் என்பதைப் பெரிய இயந்திரத்தின் தயவில்லாமல் வைத்திருக்கலாம். டிபேஸின் மூலத்தை எழுதிய வேய்ன் ராட்லிப், விண்வெளி ஆய்வுக்கான ஜெட் உந்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபடி அதைத் தன் வீட்டில் எழுதியவர். பெரிய நிறுவனத்தில் இருந்துகொண்டு தன் தேவைக்குத் தானே கருவி செய்யும் மனநிலை அந்த மென்பொருளின் பிறப்பிலேயே இருந்தது.

மேலிடம் இரண்டு கருவிகளைக் கையிலெடுத்தது. ஒன்று காகிதம். கணினி கேட்கும் ஒவ்வொரு அலகும் எதற்கு, எவ்வளவு நேரம் பயன்படும், எந்த வேலை மிச்சமாகும் என்று நியாயம் எழுத வேண்டும். ஒவ்வொரு அலகிலும் ஒருவர், தன் சொந்த வேலைக்கு மேலதிகமாக, கணினிப் பொறுப்பாளராக நியமிக்கப்படுவார். இயந்திரத்துக்கு இலக்கம் ஒட்டி, ஆண்டுதோறும் இருப்புக் கணக்கெடுப்பு நடக்கும். இரண்டாவது கருவி மொத்தக் கொள்வனவு. எல்லோரும் கண்டபடி வாங்குவதைத் தடுக்க முடியாதென்றால், எல்லோரும் ஒன்றையே வாங்கும்படி விலையைக் குறைத்துவிடலாம் என்பது அதன் கணக்கு. தடையைவிட இந்தத் தூண்டில் நன்றாக வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும்.

1983இல் விமானப்படையும் கடற்படையும் சேர்ந்து எழுதிய ஒப்பந்தம் செனித் கம்பனிக்குப் போனது. முதலில் சுமார் 6,000 இயந்திரங்கள். செனித் இலினோய் மாநிலத்தின் தொலைக்காட்சிப் பெட்டிக் கம்பனி. 1979இல் ஹீத் என்ற மின்னணுப் பொதிக் கம்பனியை வாங்கியதால் கணினித் தொழிலுக்குள் வந்திருந்தது. அவர்கள் கொடுத்த செட்-100 நல்ல இயந்திரம். 8085, 8088 என்று இரண்டு செயலிகள் அதில் இருந்தன. பழைய சி.பி.எம். மென்பொருளும் ஓடும், புதிய டொஸ் மென்பொருளும் ஓடும். வரைகலையும் ஐ.பி.எம். இயந்திரத்தைவிடத் தெளிவு. ஆனால் அது ஐ.பி.எம். இயந்திரத்தின் நகல் அல்ல. ஐ.பி.எம்.முக்கென்று எழுதிக் கடையில் விற்ற மென்பொருள்களில் பல அதில் ஓட மறுத்தன. தரமான இயந்திரத்தை நியாயமான விலையில் வாங்கிய படை, வெளியுலகம் வேறு பாதையில் போய்விட்டதை ஓரிரு ஆண்டுகளில் கண்டுகொண்டது.

இந்த வகைச் சிக்கல் இலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று அலுவலகங்களுக்கும் அந்நியமானதல்ல. அங்கே தேசிய கணினிக் கொள்கை அறிக்கை 1983இலும், சின்டெக் எனப்பட்ட கணினித் தகவல் தொழில்நுட்பப் பேரவை 1984இலும் வந்தன. ஆனால் தமிழ் எழுத்தை எந்த இலக்கத்தில் வைப்பது என்ற கேள்வி அலுவலக மேசைகளில் நீண்ட காலம் தன்போக்கில் தீர்க்கப்பட்டது. பாமினி எழுத்துருவில் தட்டிய ஒரு கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். மொழிக்கான நியமம் எழுதப்படுவதற்கு முன்பே பழக்கம் நிலைத்துவிட்டது. யூனிகோடு வந்த பிறகும் பாமினியைக் கைவிடாத லிகிதர்கள் உண்டு. முதலில் பரவிய பொருளே நியமமாகிவிடும் என்பதை அமெரிக்கப் படைகள் டொலர் கொடுத்துக் கற்றன.

1986இல் செனித் மறுபடியும் வென்றது. இம்முறை சுமார் 24 கோடி டொலர், 90,000 இயந்திரங்கள் வரை. செட்-248 எனப்பட்ட அந்த இயந்திரம் 80286 செயலியுடன் ஐ.பி.எம். ஏ.டி.யோடு முழுதும் ஒத்துப்போனது. ஒரு தலைமுறை அமெரிக்கச் சிப்பாய்கள் முதன்முதலில் தொட்ட கணினி அதுதான். ஒரே விசைப்பலகை, ஒரே திரை, ஒரே டொஸ் என்றானதால், அலாஸ்காவிலிருந்து ஜேர்மனிக்கு மாற்றலாகிப் போகிறவருக்குப் புதிய இடத்தின் கணினி பழக்கமானதாக இருந்தது. கட்டுப்பாட்டுச் சுற்றறிக்கைகள் பத்து ஆண்டுகளில் செய்யாததை ஒரு மலிவான விலைப்பட்டியல் செய்தது. 1989இல் செனித் தன் கணினிப் பிரிவைப் பிரான்ஸின் புல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. புல் அன்று பிரெஞ்சு அரசின் சொத்து.

ஒப்பந்தங்கள் பெருத்ததும் சண்டையும் பெருத்தது. 1984ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், கணினி ஒப்பந்தத்தில் தோற்றவர்கள் முறையிட ஒரு தனிச் சபையைக் கொடுத்திருந்தது. டெஸ்க்டொப்-3 எனப்பட்ட அடுத்த கொள்வனவு 1989இல் யூனிசிஸ் கம்பனிக்குப் போனது. டெஸ்க்டொப்-4 கொள்வனவு 1991இல் கொம்பியூஆட், சிசொரெக்ஸ் என்ற இரு கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டு, முறையீடுகளில் சிக்கி, மறுபடி மதிப்பிடப்பட்டு, 1993இல் புல்லிடம் போயிருந்த செனித் கணினிப் பிரிவு, ஹியூஸ் ஆகியவற்றின் கைகளுக்கு மாறியது. கொம்பியூஆட் அதே ஆண்டில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கடையில் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய மாதிரி வந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டு ஆண்டு வழக்காடி வாங்கும் இயந்திரம் வந்திறங்கும்போதே பழசு. 1996இல் கிளிங்கர்–கோகன் சட்டம் புரூக்ஸ் சட்டத்தை நீக்கி, ஒவ்வொரு திணைக்களமும் தன் பொறுப்பில் வாங்க விட்டது. சட்டத்தின் இணை ஆசிரியரான செனட்டர் வில்லியம் கோகன் மறு ஆண்டே பாதுகாப்புச் செயலாளராகித் தன் சட்டத்தைத் தானே நிறைவேற்ற வேண்டிய இடத்துக்கு வந்தார்.

இயந்திரங்களுக்கு இலக்கம் ஒட்டுவதில் இவ்வளவு கவனம் போனபோது, கணக்கில் வராமல் வளர்ந்தது அந்த இயந்திரங்களுக்குள் எழுதப்பட்ட நிரல்கள்தாம். இதுதான் இந்த வரலாற்றின் உண்மையான தொல்லை. ஆர்வமுள்ள ஒரு சார்ஜன்ட் டிபேஸில் ஒரு நிரல் எழுதுவார். பிரிவு முழுவதும் அதை நம்பத் தொடங்கும். படைவழக்கப்படி இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் மாற்றலாகிப் போவார். விளக்கக் குறிப்பு எழுதும் பழக்கம் அவரிடம் இருந்திருக்காது, அதைக் கேட்கும் பழக்கம் அதிகாரியிடமும் இருந்திருக்காது. அடுத்து வருபவர் அதைத் திருத்த அஞ்சி அப்படியே ஓட்டுவார், அல்லது தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவார். பக்கத்துத் தளத்தில் இன்னொரு சார்ஜன்ட் அதே வேலைக்கு வேறொரு நிரல் எழுதியிருப்பார். பாதுகாப்புத் திணைக்களமோ இதே ஆண்டுகளில் அடா என்ற ஒற்றை நிரல்மொழியை எல்லாப் படைகளுக்கும் பொதுவாக்க முயன்றுகொண்டிருந்தது. 1983இல் நியமமான அந்த மொழிக்குப் படை நியம இலக்கம் 1815. அது அடா லவ்லேஸ் பிறந்த ஆண்டு. ஏவுகணைக்கு அடா ஏறியது. களஞ்சிய அறையில் டிபேஸே ஆண்டது.

இதனோடு இரட்டைக் கணக்கும் வந்தது. பெரிய கணினி அச்சிட்டுத் தந்த பட்டியலைப் பார்த்து, அதே இலக்கங்களை மேசைக் கணினியில் கையால் மறுபடி தட்டினார்கள். இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்பு பல இடங்களில் இல்லை. ஒரு வாரத்தில் இரண்டு கணக்குகளும் பிரியும். கூட்டத்தில் இரண்டு அதிகாரிகள் ஒரே உதிரிப்பாகத்துக்கு இரண்டு எண்ணிக்கை சொல்வார்கள், இருவர் கையிலும் அழகாக அச்சிட்ட தாள் இருக்கும். அழகாக அச்சிட்ட தாளை நம்பும் பலவீனம் படைக்கு மட்டும் உரியதல்ல.

பதவி மரியாதையிலும் சிறு நிலநடுக்கம் நிகழ்ந்தது. கேர்ணல் கையால் எழுதிக் கொடுப்பார், தட்டெழுத்தாளர் அடிப்பார், கேர்ணல் சிவப்பு மையால் திருத்துவார் என்பதே பழைய ஒழுங்கு. மேசைக்குக் கணினி வந்த பிறகு அதிகாரிகளே தட்டினார்கள். தட்டெழுத்தாளர் பதவிகள் மெல்லக் குறைந்தன. அந்த வேலை மறைந்துவிடவில்லை, கூடிய சம்பளம் வாங்குபவர்களின் கைக்கு மாறியது. மிச்சப்படுத்திய நேரத்தைக் காட்டிய நியாயப் படிவங்கள் இந்தச் செலவைக் காட்டவில்லை.

பாதுகாப்புப் பிரச்சினை வேறு வகை. இரும்புப் பெட்டியில் பூட்டும் இரகசியக் கோவைகளுக்கு எழுதிய விதிகள், சட்டைப் பைக்குள் போகும் நெகிழ்வட்டுக்குப் பொருந்தவில்லை. கோவையில் ஒரு தாள் குறைந்தால் தெரியும். வட்டில் இருந்ததைப் படியெடுத்தால் மூலத்தில் எதுவும் குறையாது. அழித்த கோப்பும் வட்டிலிருந்து உண்மையில் அழிவதில்லை. இதனால் இரகசிய வேலைக்குக் கழற்றி எடுக்கக்கூடிய வட்டுப் பெட்டிகள் விரும்பப்பட்டன. மாலையில் வட்டைக் கழற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் மேசையில் மிஞ்சுவது வெறும் இரும்பு. இயந்திரம் கசியவிடும் மின்காந்த அலைகளை மறைக்கும் டெம்பெஸ்ட் வகைக் கணினிகளும் தனியாக வாங்கப்பட்டன. அவற்றின் விலை சாதாரண இயந்திரத்தைவிடப் பல மடங்கு. அது வீண் அச்சம் அல்ல என்பதை 1985இல் ஒல்லாந்தின் விம் வான் எக் வெளியிட்ட ஆய்வு உலகத்துக்குக் காட்டியது. தொலைக்காட்சிப் பெட்டியோடு சில மலிவான பாகங்களைச் சேர்த்து, தூரத்தில் உள்ள கணினித் திரையைப் படிக்கலாம் என்று அவர் செய்து காட்டினார்.

ஆனால் பெரிய இழப்புகளுக்கு அத்தனை நுட்பம் தேவைப்படவில்லை. 1990 டிசம்பரில், வளைகுடாப் போர் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, பிரித்தானிய விமானப்படை அதிகாரி ஒருவரின் காரிலிருந்து போர்த் திட்டங்கள் அடங்கிய மடிக்கணினி இலண்டனின் அக்டன் பகுதியில் திருடப்பட்டது. திருடியவருக்குத் தேவைப்பட்டது கணினி, திட்டம் அல்ல. அது பின்னர் திரும்பி வந்து சேர்ந்தது. 2008 ஜனவரியில் பேர்மிங்காமில் களவுபோன பிரித்தானியக் கடற்படை மடிக்கணினியில், படையில் சேர விண்ணப்பித்த அல்லது ஆர்வம் காட்டிய சுமார் ஆறு இலட்சம் பேரின் விபரங்கள் இருந்தன.

1980களின் கடைசியில் மேசைக் கணினிகள் ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கப்பட்டபோது பழைய பதிவேடு மறுபடி பயனற்றுப் போனது. இனி எண்ண வேண்டியது இயந்திரத்தை அல்ல, இணைப்பை. 1988 நவம்பர் 2இல் மொரிஸ் புழு இணையத்தில் பரவியபோது அமெரிக்கப் படை வலையமைப்பு தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டி வந்தது. 1990 ஏப்ரல் முதல் 1991 மே வரை ஒல்லாந்து இளைஞர்கள் சிலர் 34 அமெரிக்கப் பாதுகாப்புக் கணினி நிலையங்களுக்குள் புகுந்து பார்த்ததாக அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம் பின்னர் தெரிவித்தது. 1997 செப்டெம்பரில் யோர்க்டவுன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில், விண்டோஸ் என்.டி. ஓடிய கணினிகளில் யாரோ ஒரு தரவுக் கட்டத்துக்குள் பூச்சியத்தைத் தட்டினார். பூச்சியத்தால் வகுக்கப் போன நிரல் நிலைகுலைந்து, கப்பல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கடலில் அசையாமல் கிடந்தது. அலுவலக மேசைக்கென்று செய்த பொருள் அப்போது இயந்திர அறை வரை போய்விட்டிருந்தது.

2000 ஒக்டோபரில் அமெரிக்கக் கடற்படை ஒரே அடியில் எல்லாவற்றையும் ஒழுங்காக்க முனைந்தது. மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மேசைகளையும் அவற்றை இணைக்கும் வலையமைப்பையும் ஈ.டி.எஸ். கம்பனியிடம் சேவையாக வாங்க 690 கோடி டொலர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கப் போனவர்கள், அவற்றுக்குள் ஓடிய நிரல்களை எண்ணிப் பார்த்தபோது கணக்கு ஓர் இலட்சத்தை நெருங்கியது. இருபது ஆண்டுகளாக மாற்றலாகிப் போன படையினர் விட்டுச் சென்ற பரம்பரைச் சொத்து அது. பலவற்றுக்கு உரிமையாளரும் இல்லை, மூல நிரலும் இல்லை, ஆனால் அவற்றை நிறுத்தினால் ஏதோ ஒரு பட்டறை நின்றுவிடும். சில மேசைகளில் பழைய கணினியும் புதிய கணினியும் பக்கம் பக்கமாக நெடுங்காலம் இருந்தன. ஈ.டி.எஸ். இந்த ஒப்பந்தத்தில் பல கோடி டொலர் நட்டப்பட்டது. 2003 ஓகஸ்டில் வெல்ச்சியா புழு வந்தபோது, எல்லாம் ஒன்றாக இணைந்திருந்ததாலேயே அந்த வலையமைப்பு பெரும்பகுதி தடுமாறியது.

விமானப்படை வேறு முனையைப் பிடித்தது. 2004இல் மைக்ரோசொப்டுடன் இருந்த 38 மென்பொருள் ஒப்பந்தங்களையும் 9 ஆதரவு ஒப்பந்தங்களையும் ஒன்றாக்கி, சுமார் 5,25,000 கணினிகளுக்கு ஒரே விதமாகப் பூட்டிய விண்டோஸ் அமைப்பை ஏற்றத் தொடங்கியது. பயனர் தன் விருப்பத்துக்கு எதையும் நிறுவ முடியாது. தலைமைத் தகவல் அதிகாரி ஜோன் கிலிகன் விற்பனையாளரிடம் வற்புறுத்தியது தள்ளுபடியை மட்டுமல்ல, பெட்டியைத் திறக்கும்போதே பாதுகாப்பாக இருக்கும் மென்பொருளையும்தான். அந்த அமைப்பு 2007இல் அமெரிக்க மத்திய அரசு முழுவதற்கும் நியமமாக விரிக்கப்பட்டது. 1983இல் தொடங்கிய காரியம் இங்கேதான் ஓரளவு கைகூடியது. விலை, மேசைக்கு உரியவரின் சுதந்திரம்.

அப்போதும் ஒரு வழி திறந்தே இருந்தது. 2008இல் மத்திய கிழக்குத் தளம் ஒன்றில் மடிக்கணினியில் செருகிய பென் டிரைவ் ஒன்றின் வழியாக ஏஜென்ட் பி.டி.இஸட். என்ற புழு அமெரிக்க மத்திய கட்டளையகத்தின் இரகசிய வலையமைப்பு வரை போனது. 2008 நவம்பரில் அமெரிக்கப் படைகளில் எல்லாப் பென் டிரைவ்களும் தடைசெய்யப்பட்டன. 2010 பெப்ரவரியில் தடை ஓரளவு தளர்ந்தது. அந்த ஊடுருவல் தந்த அதிர்ச்சியும் சேர்ந்து 2010 மே மாதத்தில் சைபர் கட்டளையகம் உருவானது. அதே ஆண்டில், ஈராக்கில் பணிபுரிந்த ஒரு சிப்பாய் இலட்சக்கணக்கான ஆவணங்களை இசைத்தட்டுப் போலத் தோன்றிய குறுந்தகடுகளில் ஏற்றி வெளியே கொண்டுபோயிருந்தது தெரியவந்தது.

இந்தியப் படைகள் இதே பாதையைக் குறுகிய காலத்தில் கடந்தன. 2010 ஏப்ரலில் டொரன்டோ ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, இந்தியப் படை அலுவலகக் கணினிகளிலிருந்து ஆவணங்கள் வெளியே போயிருந்ததைக் காட்டியது. 2012இல் விசாகப்பட்டினக் கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தில், இணையத்தோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த கணினிகளிலிருந்தும் பென் டிரைவ் வழியே கோப்புகள் கசிந்ததாகச் செய்திகள் வந்தன. மாற்று வழிகளில் ஒன்று சென்னையில் பிறந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை நிலையம் லினக்ஸை அடியாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007இல் வெளியாகி, பின்னர் அரச, படை அலுவலகங்களுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. 2023 ஓகஸ்டில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சு தன் கணினிகளில் விண்டோஸை அகற்றி, உபுண்டுவை அடியாகக் கொண்ட மாயா என்ற இயங்குதளத்தை ஏற்றப்போவதாகச் செய்திகள் வெளியாயின. முதலில் தலைமையகத்தின் கணினிகள், அதன் பிறகு முப்படைகள் என்று வரிசை வகுக்கப்பட்டது.